கிடந்த சொல் நடந்த கதை

எங்கள் ஊர்க் கடைத்தெருவின் கோடியில் நெல் மூட்டைகள் அடுக்கிய நீளமான ஓட்டுக் கட்டடம் ஒன்று இருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் அதைக் ‘குடோன்’ என்பார்கள். கணக்கப்பிள்ளை பேரேட்டில் ‘கிடங்கு’ என்று எழுதுவார். எழுத்துக்கூட்டி ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய வயதில், சுவரில் தீட்டியிருந்த பெயர் எனக்குக் ‘கோ டவுன்’ என்று தெரிந்தது. கீழே போ. எங்கே கீழே போவது? அந்தக் கட்டடத்துக்கு நிலவறை கிடையாது. மழைத்தண்ணீர் புகாமல் இருக்கத் தரையை இரண்டு படி உயர்த்தியே கட்டியிருந்தார்கள். உள்ளே போக வேண்டுமானால் ஏறித்தான் போக வேண்டும். மூன்று பெயரும் ஒரே சொல்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின.

பொருள்கள் கிடக்கும் இடம் கிடங்கு. ‘கிட’ என்ற வினைதான் அதற்கு வேர். தெலுங்கில் கிட்டங்கி. சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்து வணிகம் செய்தவர்களோடு இந்தச் சொல்லும் கப்பலேறி, மலாய் மொழியில் ‘குடாங்’ ஆயிற்று என்பது பெரும்பாலான அகராதிகள் ஏற்கும் வழி. இந்தோனேசியாவில் இன்றும் பண்டகசாலைக்கு அதுவே பெயர். அந்நாட்டின் பெயர்பெற்ற கிராம்புச் சிகரெட்டான ‘குடாங் காரம்’ என்பதற்கு உப்புக் கிடங்கு என்று பொருள். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர் அதைத் தங்கள் மூக்கொலியோடு சேர்த்துக்கொண்டார்கள். இந்தியில் ‘கோதாம்’, சிங்களத்தில் ‘குதம’ எல்லாம் இந்தக் குடும்பம்தான். 16ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அது ஆங்கில எழுத்தில் வந்து சேர்கிறது.

ஹென்றி யூலும் ஏ. சி. பர்னெலும் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற ஆங்கில-இந்தியச் சொல் அகராதி 1886இல் வெளிவந்தது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனை நூலகத்துச் சம்ஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். புத்தகம் அச்சில் வருவதற்கு நான்கு ஆண்டு முன்பே இறந்துவிட்டார். மலாய்ச் சொல்லுக்குப் பின்னால் தமிழ்க் கிடங்கும் தெலுங்குக் கிட்டங்கியும் நிற்பதை அந்த அகராதி சொல்கிறது. ‘கிட’ என்ற வேர் வரை இறங்கிப் பார்க்கிறது. தஞ்சாவூர்க் கச்சேரியில் உட்கார்ந்து தமிழ் கேட்டவர் உடன் இல்லாமல் இந்த நூல் எழுந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

வேர் தெரிந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ‘குடாங்’ என்று கேட்ட காது அதை ஏன் ‘கோ டவுன்’ என்று எழுதியது? அந்நியச் சொல்லைக் கேட்கும்போது காது தனக்குப் பழகியதைத் தேடும். ‘கோ’ என்று ஒலித்த உடனே ஆங்கிலேயரின் காது அடுத்து ஒரு சிறுசொல்லுக்காகக் காத்திருக்கும்: அப், டவுன், இன், அவுட், ஆன், ஆஃப், ஓவர், த்ரூ, அண்டர், பேக். இந்தப் பழக்கம் ஒரு தமிழ்ச் சொல்லின் உருவத்தையே மாற்றும் அளவுக்கு எப்படி ஊறியது என்பதைத்தான் நான் பல ஆண்டுகளாகத் தேடிப் படித்துவருகிறேன்.

மாடியிலிருந்து ஒருவர் கீழே வருகிறார். தமிழில் ‘இறங்கினார்’ என்றால் போதும், திசை வினைக்குள்ளேயே இருக்கிறது. ஏறு, இறங்கு, நுழை, புகு, கட, சேர், விலகு, திரும்பு, அணுகு: ஒவ்வொன்றும் ஒரு வழியைத் தன் வயிற்றில் வைத்திருக்கிற வினை. எப்படி இறங்கினார் என்று சொல்ல வேண்டுமானால் ‘நொண்டி நொண்டி இறங்கினார்’, ‘தாவி இறங்கினார்’ என்று ஓர் எச்சத்தை முன்னால் வைக்கிறோம். ஆங்கிலம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. நொண்டுவது, தாவுவது, தவழ்வது, மிதப்பது ஆகியவை அங்கே முற்றுவினையாக நிற்கும். திசை மட்டும் ஒரு சிறுசொல்லாகப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். நொண்டினார் கீழே. மிதந்தது உள்ளே. விதம் சொல்ல ஏதும் இல்லையென்றால் அந்த இடத்தில் வெறும் ‘கோ’ வந்து உட்காரும்.

அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் டால்மி 1985இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் இந்த வேறுபாட்டை வைத்து மொழிகளை வகுத்துக் காட்டினார். வழியை வினைக்குள் வைக்கும் மொழிகளுக்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு ஸ்பானியம். தமிழும் பெரும்பாலும் அந்தப் பக்கம். ஆங்கிலம், ஜெர்மன், ருஷ்யன் எல்லாம் மறுபக்கம். பிறகு டான் ஸ்லோபினும் ரூத் பெர்மனும் ஒரு சோதனை செய்தார்கள். மெர்சர் மேயர் 1969இல் வெளியிட்ட, சொற்களே இல்லாத தவளைப் படக்கதை ஒன்றை ஐந்து மொழிக் குழந்தைகளிடம் கொடுத்துக் கதை சொல்லச் சொன்னார்கள். 1994இல் அந்த ஆராய்ச்சி நூலாக வந்தது. பாறையிலிருந்து தண்ணீரில் விழும் காட்சி வந்ததும் ஆங்கிலக் குழந்தைகள் ஒரே வினையைப் பிடித்துக்கொண்டு, விளிம்பைத் தாண்டி, கீழே, தண்ணீருக்குள் என்று சிறுசொற்களை மணி கோப்பதுபோல் கோத்துக்கொண்டு போனார்கள். ஸ்பானியக் குழந்தைகள் பாறை எங்கே இருக்கிறது, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, விழுந்த வழியைக் கேட்பவரே ஊகிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆங்கிலக் கதையை மொழிபெயர்த்தவர் எவருக்கும் இது தெரிந்த வலி. அங்கே ஒரு வினையில் முடிந்த ஓட்டம் நம்மிடம் மூன்று வினையாகும்.

ஆங்கிலத்திலும் என்டர், எக்ஸிட், அசெண்ட், டிசெண்ட் என்று வழியை வயிற்றில் வைத்த வினைகள் உண்டே என்று கேட்கலாம். அவை லத்தீனச் சரக்கு. பல, 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சு வழியாக வந்தவை. லத்தீனக் குடும்பம் நம்மைப் போல வழியை வினைக்குள் வைப்பது. அதனால்தான் அந்தச் சொற்கள் நமக்குச் சுலபமாகப் படிகின்றன. ‘நுழை’ என்றால் என்டர், கணக்கு சரியாகிவிடுகிறது. நமக்குச் சுலபமான அந்தச் சொல் ஆங்கிலேயரின் காதில் அறிவிப்புப் பலகையாக ஒலிக்கும். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது ‘கோ இன்’ தான். நம் பிள்ளைகள் பரீட்சையில் நல்ல ஆங்கிலம் எழுதியும் பேச்சில் விறைப்பாக ஒலிப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

நாமும் நம் வழியை அவர்கள் மொழிக்குள் செலுத்தியிருக்கிறோம். பஸ்ஸிலிருந்து இறங்குவதை இங்கிலாந்தில் ‘கெட் ஆஃப்’ என்பார்கள். வண்டியை விட்டு விலகுவது அவர்கள் கண்ணில் பெரிதாகப் படுகிறது. நாம் ‘கெட் டவுன்’ என்கிறோம். ‘இறங்கு’ என்ற நம் வினைக்குள் இருக்கும் கீழ்த்திசை அது. ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லியே வாசல் தாண்டப் பழகிய நாம் ஆங்கிலத்திலும் ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்று விடைபெறுகிறோம். அதைத் தவறு என்று திருத்துகிற ஆசிரியர்களை எனக்குத் தெரியும். இலக்கணப்படி அவர்கள் சொல்வது சரிதான். ஆனாலும் வெறும் ‘போகிறேன்’ என்று சொல்லக் கூசுகிற மனத்தை எந்த ஆங்கிலச் சிறுசொல்லும் ஈடுசெய்வதில்லை.

இனி அந்தச் சிறுசொல் எப்படிப் பின்னால் போயிற்று என்பதற்கு வருகிறேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் போவதற்குக் ‘கான்’ என்று பெயர். திசைச்சொல் பெரும்பாலும் அதன் முன்னால் ஒட்டி வரும். ‘ஊட்கான்’ என்றால் வெளியே போதல், ‘இன்கான்’ என்றால் உள்ளே போதல். தங்கை மொழியான ஜெர்மனில் இந்த அமைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. அகராதியில் முன்னால் ஒட்டியிருக்கும் துணுக்கு, வாக்கியத்தில் பிரிந்து கடைசிக்குப் போய் நிற்கும். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் வாழும் ஈழத்தமிழர்கள் மொழி வகுப்பில் இதோடு மல்லுக்கட்டியிருப்பார்கள்.

ஆங்கிலத்தில் நடந்தது வேறு. வினை கடைசியில் நின்ற வாக்கியங்களில் அது மெல்ல மெல்ல முன்னே நகர்ந்துவிட்டது. துணுக்கு நின்ற இடத்திலேயே நின்றது. வினை தாண்டிப் போனதால் துணுக்கு பின்னுக்கு வந்தது. அதே காலத்தில், 9ஆம் நூற்றாண்டு முதல் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் மொழி முன்னொட்டுகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டு, சிறுசொல்லைப் பின்னால் வைத்தே பேசியது. அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்களின் பேச்சு இந்த மாற்றத்துக்குத் துணைபோயிருக்கும் என்று பலர் கருதுகிறார்கள்.

அந்த ஸ்காண்டிநேவியக் குடியேற்றம் நடந்த பகுதியில்தான் பீட்டர்பரோ மடம் இருந்தது. மற்ற இடங்களில் லத்தீனுக்கு மாறிவிட்ட பிறகும் அங்கிருந்த துறவிகள் 1154 வரை ஆங்கிலத்திலேயே ஆண்டுக்குறிப்பு எழுதினார்கள். 1132ஆம் ஆண்டுக் குறிப்பு அவர்களுடைய மடத்தலைவர் ஹென்றியைப் பற்றியது. அந்த மடத்தைப் பிரான்சின் க்ளூனி மடத்துக்கு அடிமைப்படுத்தப் பார்த்தவர் அவர். அவருடைய வஞ்சகம் தெரிந்ததும் அரசர் முதலாம் ஹென்றி அவரைப் பதவியை விட்டுக்கொடுக்க வைத்து நாட்டை விட்டுப் போகச் செய்தார் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு செய்தியில் ‘விட்டுக்கொடு’ என்பதற்குக் ‘கிவ் அப்’ பின்சொல்லோடு வந்துவிட்டது. போவதைச் சொல்லும் வினைக்குப் பின்னும் ‘அவுட்’ வந்துவிட்டது. ஏறக்குறைய இன்றைய லண்டன்காரர் சொல்வது போலவே. கோபத்தோடு எழுதிய துறவி, தன் கையால் ஒரு மொழியின் திருப்பத்தைப் பதிந்துவைக்கிறோம் என்று அறிந்திருக்க மாட்டார்.

பழைய முன்னொட்டுகள் முழுக்க அழியவில்லை. பெரிய வெள்ளத்துக்குப் பிறகு அங்கங்கே நிற்கும் கற்களைப் போல நிற்கின்றன. ‘அண்டர்கோ’ என்றால் ஒரு துன்பத்துக்கோ சிகிச்சைக்கோ ஆட்படுதல். அதையே பிரித்துப் பின்னால் வைத்தால் ‘கோ அண்டர்’, மூழ்குதல், தொழில் நொடித்துப்போதல். ஆட்படுதலைப் புதிய முறையில் சொல்ல ‘கோ த்ரூ’ வந்துவிட்டது. ‘ஃபார்கோ’ என்றால் ஒன்றை விட்டுக்கொடுத்தல். இன்றைய பேச்சில் ‘கோ வித்தவுட்’. கடந்துபோவதற்கு ‘ஆகான்’ என்ற வினை இருந்தது. அதன் இறந்தகால எச்சம் தேய்ந்து தேய்ந்து ‘அகோ’ ஆயிற்று. மூன்று ஆண்டுகளுக்கு முன் என்பதை அவர்கள் மூன்று ஆண்டுகள் போயின என்றே சொல்கிறார்கள். ‘போன வாரம்’, ‘போன தை’ என்று பேசும் நமக்கு இதில் புதுமை இல்லை. ‘மழை வரப்போகிறது’ என்பதில் வரும் ‘போ’வும் அங்கே அப்படியே இருக்கிறது. ‘கோயிங் டு’ எதிர்காலத்தைக் குறிக்கும் என்பதை 1646இலேயே ஜோஷுவா பூல் தம் இலக்கண நூலில் எழுதிவிட்டார்.

எனக்கு மிகப் பிடித்த கல் ‘இன்கம்’. உள்ளே வருவது, அதனால் வருமானம். அதன் எதிர்ச்சொல்லாகப் பிரிட்டனில் மாதாந்தரச் செலவுகளை ‘அவுட்கோயிங்ஸ்’ என்பார்கள், வெளியே போகிறவை. நம் வரவு-செலவு! ‘வா’விலிருந்து வரவு, ‘செல்’லிலிருந்து செலவு. தொல்காப்பியம் இந்த இரண்டு சொற்களையும் வருதல், செல்லுதல் என்ற நேர்ப்பொருளிலேயே ஆள்கிறது. வருசொல் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, செலவு படர்க்கைக்கு உரியது என்று விதி வகுக்கிறது. கணக்கப்பிள்ளையின் பேரேட்டில் பணம் வருவதும் போவதுமாக எழுதப்படுவதற்கு அடியில் இத்தனை பழைய நடை இருக்கிறது. கடலுக்கு அப்பால் தொடர்பே இல்லாத ஒரு மொழியும் தன் காசை அதே இரண்டு வினைகளால் எண்ணியதைக் கண்ட நாள் எனக்கு நல்ல நாள்.

‘கோ’வின் இறந்தகாலம் ‘வென்ட்’ எங்கிருந்து வந்தது? பழைய இறந்தகாலம் வேறொன்று இருந்தது, அது வழக்கொழிந்தது. அந்த இடத்தில் ‘வெண்டு’ என்ற வேறு வினையின் இறந்தகாலம் வந்து அமர்ந்தது. சுமார் 1500 வாக்கில் தென் இங்கிலாந்தில் அதுவே நிலைத்தது. ‘வெண்டு’ என்றால் திரும்பு என்று பொருள். ஆகவே நேற்றுப் போனதைச் சொல்லும்போதெல்லாம் ஆங்கிலேயர், திரும்பினேன் என்ற சொல்லைத்தான் சொல்கிறார்.

சிறுசொற்களில் நம்மவர்களை அதிகம் அலைக்கழிப்பது ‘ஆஃப்’. விளக்கு ‘கோஸ் ஆஃப்’ என்றால் அணைகிறது. அலாரம் ‘கோஸ் ஆஃப்’ என்றால் அடிக்கிறது. துப்பாக்கி வெடிக்கிறது, பால் கெடுகிறது, நடிகர் மேடையை விட்டுப் போகிறார், எல்லாவற்றுக்கும் அதே இரண்டு சொல். ‘ஆஃப்’ என்பதும், ‘உடைய’ என்ற பொருளில் ‘ஆவ்’ என்று ஒலிக்கும் சொல்லும் ஒரு காலத்தில் ஒன்றே. அழுத்திச் சொன்னது ஒன்றாகவும் அழுத்தாமல் சொன்னது மற்றொன்றாகவும் பிரிந்தன. இரண்டுக்கும் அடிப்பொருள் ‘இருந்த இடத்தை விட்டு’ என்பது. நடிகர் மேடையை விட்டுப் போகிறார். பால் நல்ல நிலையை விட்டுப் போகிறது. துப்பாக்கியில் அடைத்து வைத்திருந்தது பிடியை விட்டுப் போகிறது. அலாரத்தில் முறுக்கி வைத்த வில்லும் அப்படியே பிடி விட்டுக் கிளம்புகிறது. வெடிக்கிறதா அணைகிறதா என்று பார்க்காமல், எதன் பிடியிலிருந்து எது விடுபடுகிறது என்று பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீரும். மாணவர்களுக்கு அர்த்தப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதை விட இந்த ஒரு படத்தைக் காட்டுவது மேல் என்பது என் அனுபவம்.

இத்தனை பரவிய ஒரு பழக்கத்துக்கு நெடுங்காலம் பெயரே இல்லை. காரணம், ஆங்கில இலக்கணக்காரர்கள் லத்தீன இலக்கணத்தின் பெட்டிகளை வைத்துக்கொண்டு தங்கள் மொழியை அடுக்கினார்கள். ‘ப்ரெபொசிஷன்’ என்ற லத்தீனச் சொல்லுக்கு முன்னே வைக்கப்பட்டது என்று பொருள். பெயர் அப்படி இருப்பதால் அது பின்னே வருவது பிழை என்ற எண்ணம் பிறந்தது. கவிஞர் ஜான் டிரைடன் 1672இல், தமக்கு முந்திய பென் ஜான்சன் வாக்கியக் கடைசியில் ப்ரெபொசிஷனை வைத்ததைக் குறையாகச் சொன்னார். தம் பழைய கட்டுரை ஒன்று 1684இல் மறுபதிப்பானபோது தம் வாக்கியங்களிலிருந்தும் அப்படிப்பட்ட முடிவுகளைத் தேடித் தேடித் திருத்தினார். ஒரு பெயர், அதுவும் இன்னொரு மொழிக்காகச் செய்த பெயர், ஒரு பெருங்கவிஞரின் கையையே கட்டிப்போட்டது.

சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் அகராதியின் முன்னுரையில் இதை நேராகப் பார்த்தார். வினையோடு ஒரு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறுவதுதான் அந்நியருக்குப் பெருந்தடை என்று உணர்ந்து, அவற்றைக் கவனமாகத் திரட்டியதாக எழுதினார். தனிப்பெயர் அவரும் இடவில்லை. பெயர் தந்தவர் ஹென்றி பிராட்லி. ஷெஃபீல்டு நகரில் கத்தி, கரண்டி செய்யும் நிறுவனம் ஒன்றில் எழுத்தராக ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வேலை பார்த்துக்கொண்டே தாமாகப் பல மொழிகள் படித்தவர். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதல் பகுதி வந்ததும் 1884இல் அவர் எழுதிய மதிப்புரை பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மரேயின் கண்ணில் பட்டது. அந்த மதிப்புரைதான் அவரை அகராதிக்குள் இழுத்துவந்து இரண்டாவது பதிப்பாசிரியர் ஆக்கியது. ‘ஜி’ எழுத்து அவர் பொறுப்பில் இருந்தது. 1900ஆம் ஆண்டை ஒட்டி ‘கோ’ என்ற வினையின் நூற்றுக்கணக்கான வழக்குகளைப் பிரித்து அடுக்கும் வேலை அவர் மேற்பார்வையில்தான் நடந்தது. அவர் 1923இல் இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து, அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த லோகன் பியர்சால் ஸ்மித் வெளியிட்ட சொல்வழக்கு நூலில் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் வருகிறது. அதைத் தமக்குச் சொன்னவர் பிராட்லி என்றும், பிராட்லிக்கே அந்தப் பெயரில் முழுத் திருப்தி இல்லை என்றும், வேறு நல்ல பெயர் கிடைக்காததால் வைத்துக்கொண்டதாகவும் ஸ்மித் குறிப்பு எழுதியிருக்கிறார். திருப்தி இல்லாமல் வைத்த பெயர்தான் இன்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ‘கோ’வோடு அத்தனை காலம் வாழ்ந்த மனிதரின் தயக்கத்தை நான் மதிக்கிறேன்.

மேலும் கீழும் கூட அவர்களுக்கு உயரத்தைப் பற்றியவை மட்டுமல்ல. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் லண்டனுக்கு ‘அப்’ தான் போவார்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் படிக்கப் போவது ‘கோ அப்’, விடுமுறைக்கு வீடு திரும்புவது ‘கோ டவுன்’. லண்டனை நோக்கிய தண்டவாளம் ‘அப்’, அங்கிருந்து விலகுவது ‘டவுன்’. அந்தப் பேச்சு ரயிலோடு இங்கேயும் வந்து, நம் நிலைய அறிவிப்புகளில் இன்னும் அப் லைனும் டவுன் லைனும் இருக்கின்றன. இப்படித் தரை சமமாக இருக்கும்போதே ஏறி இறங்கப் பழகியவர்களுக்கு, இரண்டு படி ஏறிப் போகும் நெல் குடோனைக் கீழே போ என்று எழுதுவதில் ஒரு தடையும் தோன்றியிருக்காது.

‘கிட’ என்றால் அசையாமல் இருத்தல். மூட்டை கிடக்கும், கல் கிடக்கும், நோயாளி கிடப்பார். அந்த வேரிலிருந்து பிறந்த சொல் மலாக்கா வரை போய்ச் சுற்றி, ஆங்கில எழுத்தில் ‘போ’ என்ற வினையைத் தலையில் சுமந்துகொண்டு எங்கள் கடைத்தெருச் சுவருக்கே திரும்பி வந்தது. பழைய தமிழில் கிடங்குக்கு அகழி, பள்ளம் என்ற பொருளும் உண்டு. அந்தப் பொருளை யாழ்ப்பாணத்தார் விடவில்லை. அவர்களுக்குக் கிடங்கு என்றால் இன்றும் குழிதான். மாரிமழையில் தெரு பெயர்ந்து கிடக்கும் நாட்களில் சைக்கிளில் வருகிறவரைப் பார்த்துப் படலையில் நிற்கிறவர் சொல்வார்: “முன்னுக்கு ஒரு கிடங்கு கிடக்கு, பாத்துப் போங்கோ.”